பொம்மையின் வயது என்ன?

ஒரு சிறிய பிளாஸ்டிக் பொம்மை. உயரம் மூன்றே முக்கால் அங்குலம்; அதாவது ஏறத்தாழ 95 மில்லிமீட்டர். கழுத்து, இரண்டு தோள்கள், இரண்டு தொடைகள் ஆகிய ஐந்து இடங்களில் மட்டுமே அசையும். முழங்கை மடங்காது, முழங்காலும் மடங்காது. இத்தகைய பொம்மை ஒன்று 2024-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் 5,25,000 டாலருக்கு விலை போயிற்று!

யார் அந்தப் பொம்மை? "ஸ்டார் வார்ஸ்" திரைப்படத் தொடரில் வரும் போபா ஃபெட் என்ற வேட்டைக்காரன். கடைக்கு வராமலே நின்றுபோன மாதிரிப் பொம்மை அது. ஏன் நின்றது? அதைத் தெரிந்துகொள்ள முதலில் 1977-க்குச் செல்வோம்.

காலிப் பெட்டி வாங்கிய குழந்தைகள்

"ஸ்டார் வார்ஸ்" 1977 மே மாதம் வெளிவந்தது. அதற்குப் பொம்மை செய்யும் உரிமையைச் சின்சினாட்டி நகரத்துக் கென்னர் நிறுவனம் பெற்றிருந்தது. படம் இவ்வளவு பெரிய வெற்றி பெறும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பொம்மை வார்ப்பதற்கான எஃகு அச்சுகளைச் செதுக்கப் பல மாதங்கள் ஆகும். கிறிஸ்துமஸ் வந்தது, பொம்மை வரவில்லை. எனவே கென்னர் ஓர் அட்டை உறையை விற்றது. அதற்குள் பொம்மைகளை நிறுத்தி வைக்க ஓர் அட்டை மேடையும், ஒரு சான்றிதழும் இருந்தன. சான்றிதழை அஞ்சலில் அனுப்பிய குழந்தைகளுக்கு 1978 தொடக்கத்தில் நான்கு பொம்மைகள் வந்து சேர்ந்தன.

மூன்றே முக்கால் அங்குலம் ஏன்? 1964-இல் வெளிவந்த "ஜி.ஐ. ஜோ" என்ற படைவீரன் பொம்மை 12 அங்குல உயரம். ஆறடி மனிதனை 12 அங்குலமாக்கினால் அளவு ஆறில் ஒரு பங்காகிறது. அப்போது 30 அடி நீளமுள்ள விண்கலம் 5 அடி நீளப் பொம்மையாக வேண்டும். அதை வீட்டில் எங்கே வைப்பது? மனிதன் மூன்றே முக்கால் அங்குலமானால் அளவு ஏறத்தாழ 19-இல் ஒரு பங்கு. விண்கலம் 19 அங்குலத்தில் அடங்கிவிடும். மற்றொரு லாபமும் உண்டு. உயரம் 3.2 மடங்கு குறைந்தால், கன அளவு 3.2-இன் மும்மடி, அதாவது 33 மடங்கு குறைகிறது. பிளாஸ்டிக்கும் அந்த அளவு மிச்சம்!

இந்த அளவு வெகுவாகப் பரவியது. 1982-இல் ஜி.ஐ. ஜோவே இந்த உயரத்துக்குக் குறைந்தார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் நிறுவனம் அந்தச் சிறிய ஜோவைப் பின்னர் இந்தியாவில் தயாரித்தது.

பாயாத ராக்கெட்

1979-இல் கென்னர் ஒரு விளம்பரம் செய்தது. நான்கு பொம்மைகள் வாங்கியதற்கான அத்தாட்சியை அனுப்பினால், முதுகிலிருந்து சிறு ராக்கெட்டைச் செலுத்தும் போபா ஃபெட் இலவசம். உள்ளே ஒரு சுருள்வில். விசையை விடுவித்தால் ராக்கெட் பாயும்.

அதே காலத்தில் வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை ஒரு சிறுவனின் தொண்டையில் சிக்கி அவன் உயிரிழந்தான். சின்னக் குழந்தையின் மூச்சுக்குழல் மிகக் குறுகியது. வழவழப்பான ஒரு துண்டு அதை முழுவதும் அடைத்துவிடக்கூடும். கென்னர் ராக்கெட்டைப் பொம்மையோடு ஒட்டியே அனுப்பியது. பாயும் ராக்கெட் கொண்ட மாதிரிகள் மட்டும் சில தங்கின. இன்று லட்சக்கணக்கான டாலருக்கு விற்பவை அவைதாம். அந்த விலைக்குப் பின்னால் ஒரு குழந்தையின் உயிர் இருக்கிறது.

34 ஆண்டுகள் கழித்துப் பிறந்த பொம்மைகள்

1979-இல் வந்த "ஏலியன்" படத்துக்கும் கென்னர் சிறிய பொம்மைகளைத் திட்டமிட்டது. அது பெரியவர்களுக்கான அச்சமூட்டும் படம். 18 அங்குலப் பொம்மை ஒன்று மட்டும் கடைக்கு வந்தது. சிறியவை மாதிரி நிலையிலேயே நின்றன. 2013-இல் சூப்பர் 7 என்ற அமெரிக்க நிறுவனம் அந்தப் பழைய வடிவங்களைக் கொண்டு அவற்றைத் தயாரித்து விற்றது. "ரீஆக்‌ஷன்" என்பது அவற்றின் பெயர். "டெர்மினேட்டர்", "பேக் டு தி ஃபியூச்சர்" ஆகிய படங்களின் பாத்திரங்களும் இதே பழைய பாணியில் தொடர்ந்து வந்தன.

இவை போலிகளா? இல்லை. தம்மைச் செய்தவர் யார் என்பதை இவை மறைப்பதில்லை. புதியதைப் பழையது என்று சொல்லி விற்கும்போதுதான் அது போலியாகிறது.

போலியை அறிவது எப்படி?

முதல் சோதனை, காலின் பின்புறம் உள்ள எழுத்துகள். ஆனால் கவனம் தேவை! பழைய பொம்மையின் காலில் 1977 என்று இருந்தால், அது பதிப்புரிமை ஆண்டே தவிர, பொம்மை வார்த்த ஆண்டு அன்று.

இரண்டாவது சோதனைக்கு உங்கள் பள்ளி ஆய்வகத்தின் வெர்னியர் அளவுகோல் போதும். உருகிய பிளாஸ்டிக் குளிரும்போது சற்றே சுருங்கும். அசல் பொம்மையை வைத்து அச்செடுத்து, அதில் மீண்டும் வார்த்தால் நகல் அசலைவிடச் சிறியதாக இருக்கும். அரை சதவீதம் சுருங்கினாலும் 95 மில்லிமீட்டரில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் குறையும். கண்ணுக்குத் தெரியாதது வெர்னியருக்குத் தெரியும்.

மூன்றாவது, மிதவைச் சோதனை. பொம்மையின் கையில் உள்ள சிறு துப்பாக்கி அசலானால் நீரில் மிதக்கும், போலியானால் மூழ்கும் என்று சேகரிப்பாளர் பலர் நம்புகின்றனர். இது ஆர்க்கிமிடீசின் தத்துவமே. ஆனால் மிதப்பது அடர்த்தியைத்தான் காட்டும், வயதைக் காட்டாது. இன்று பாலி எதிலீனில் வார்த்த போலியும் மிதக்கும். ஒட்டிய காற்றுக் குமிழியும், நீரின் பரப்பு இழுவிசையும்கூட ஏமாற்றக்கூடும். ஒரே சோதனையை நம்பித் தீர்ப்புச் சொல்வது விஞ்ஞான முறை ஆகாது.

பிளாஸ்டிக்குக்கும் முதுமை உண்டு

பிளாஸ்டிக் அழியாது என்கிறோம். சேகரிப்பாளரைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார். உறுதியான பாகங்களுக்குப் பயன்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் ரப்பர் போன்ற ஒரு பகுதி உண்டு. வெளிச்சத்திலுள்ள புற ஊதாக் கதிர்களாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் அது சிதைவதால் வெள்ளைப் பொம்மை மஞ்சளாகிறது. மென்மையான பாகங்களிலுள்ள பி.வி.சி.யில் அதை இளக்குவதற்காகச் சேர்த்த பொருள், ஆண்டுகள் செல்லச் செல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வரும். அதனால்தான் பழைய பொம்மைகள் சில பிசுபிசுக்கின்றன.

ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்துப் புற ஊதா ஒளியில் வைத்தால் மஞ்சள் நிறம் வெளுக்கும். ஆனால் இழந்த உறுதி திரும்பாது. மஞ்சளும் மீண்டும் வரக்கூடும். இப்படி வெளுத்த பொம்மையை விற்பவர் அதைச் சொல்லிவிட்டு விற்பதே நேர்மை. பொம்மையைக் காக்க எளிய வழி, வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வைப்பதுதான்.

செய்து பாருங்கள்

பாட்டில் மூடி ஒன்று, பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று, உடைந்த பொம்மையின் பாகங்கள் சில எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நீருக்குள் அழுத்தி, குமிழிகளை நீக்கிவிட்டு, கையை எடுங்கள். எவை மிதந்தன, எவை மூழ்கின என்று குறியுங்கள். பிறகு நீரில் உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து மீண்டும் சோதியுங்கள். முதலில் மூழ்கியவற்றுள் சில இப்போது மேலே வரலாம். எது வந்தது? ஏன் வந்தது? விடையை எழுதிய பின், இந்தச் சோதனையால் அந்தத் துண்டுகளின் வயதைக் கூற முடியுமா என்றும் யோசித்துப் பாருங்கள்.