புகையிலையில் பழ மணம் வந்தது எப்படி?

சுங்கான் எனப்படும் பைப்பில் அடைத்துப் புகைக்கும் புகையிலையை மேல்நாட்டார் வருணிக்கும் விதம் வேடிக்கையானது. ஒரு வகையில் உலர்ந்த அத்திப்பழத்தின் சாயல் உண்டு என்பார்கள். மற்றொன்றில் வைக்கோல் மணம், இன்னொன்றில் கோகோ மணம் என்பார்கள். ரோஜா, பதனிட்ட தோல், விறகுப் புகை, காடி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். சில புகையிலைகளில் வாசனைப் பொருள்களைச் சேர்ப்பது உண்மைதான். ஆனால் எதுவுமே சேர்க்காத வெறும் இலையிலும் இந்த மணங்கள் வருகின்றன என்பதுதான் விந்தை.

ஓர் இலைக்குள் பழமும் பூவும் எப்படிப் புகுந்தன? எல்லாம் புகைப்பவர்களின் கற்பனையா? முழுவதும் கற்பனை அல்ல. புகையிலையை வேதியியலார் பகுத்துப் பார்த்தபோது, ரோஜாவிலும் தேயிலையிலும் வறுத்த கோகோவிலும் உள்ள அதே மூலக்கூறுகள் சில அதிலும் இருந்தன! இவை அங்கு வந்த கதை சுவையானது. அந்தக் கதைக்குள் ஓர் எச்சரிக்கையும் ஒளிந்திருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

சுவையா, மணமா?

முதலில் ஓர் எளிய சோதனை. மூக்கை விரல்களால் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏலக்காய் போட்ட பாயசத்தை ஒரு வாய் அருந்துங்கள். இனிப்பு மட்டுமே தெரியும். இப்போது விரல்களை எடுங்கள். அடுத்த கணமே ஏலக்காய் 'வந்துவிடும்'!

காரணம் இதுதான். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற ஐந்து சுவைகளை மட்டுமே. நாம் சுவை என்று சொல்லும் மற்றவற்றில் பெரும்பாலானவை மணங்களே. வாயில் உள்ள பொருளின் ஆவி, தொண்டையின் பின்புறமாக மேலேறி மூக்கை அடைகிறது. மூக்குக்கு முன்வாசல் இருப்பதுபோல் ஒரு பின்வாசலும் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். சுங்கான் பிடிப்பவர் பெரும்பாலும் புகையை வாயிலேயே நிறுத்தி வெளியே விடுகிறார். அப்போது புகையின் ஒரு பகுதி இந்தப் பின்வாசல் வழியாக மூக்கினுள் செல்கிறது. அவர் அறியும் அத்திப்பழமும் கோகோவும் நாக்கின் வேலை அல்ல, மூக்கின் வேலையே.

சிலர் புகையில் மிளகு தெரிகிறது என்பார்கள். அதுவோ சுவையும் அல்ல, மணமும் அல்ல. வாயிலும் மூக்கிலும் உள்ள நரம்பு முனைகள் உணரும் எரிச்சல். மிளகாயின் காரத்தையும் நாம் இவ்வாறே உணர்கிறோம்.

நாற்பது கார்பன் உடைந்து பதின்மூன்று

பழுத்து உதிரும் வேப்பிலை மஞ்சளாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பச்சையம் சிதைந்து மறைந்ததும், அதுவரை அதன் பின்னால் மறைந்திருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. காரட்டுக்கு நிறம் தருவதும் இவ்வகை நிறமியே. அறுவடை செய்த புகையிலையைத் தொங்கவிட்டுப் பதப்படுத்தும்போதும் இதுவே நிகழ்கிறது. இலை முதலில் மஞ்சளாகிறது. வகையைப் பொறுத்துப் பின்னர் பழுப்பாகிறது.

பீட்டா கரோட்டின் என்ற நிறமியின் மூலக்கூறு 40 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலி. அது கனமானது, எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத பொருள் மூக்கை எட்டாது. ஆகவே அதற்கு மணம் இல்லை. ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒளியும் இலையின் நொதிகளும் கரோட்டினாய்டுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல உடைக்கின்றன. உடைந்த துண்டுகளில் சில 13 கார்பன் அணுக்களை உடையவை. இவை லேசானவை, ஆவியாகிப் பறக்கக் கூடியவை. இப்போது பிறக்கிறது மணம்!

இத்துண்டுகளில் ஒன்றின் பெயர் பீட்டா அயனோன். ஐரோப்பாவின் வயலட் பூவின் மணம் இதைச் சேர்ந்ததே. இன்னொன்று பீட்டா டமாசினோன். பல்கேரிய ரோஜா எண்ணெயில் இதைக் கண்டறிந்த செய்தி 1970ஆம் ஆண்டு வெளியாயிற்று. ரோசா டமாசினா என்ற ரோஜா இனத்தின் பெயரே இதற்கும் சூட்டப்பட்டது. லட்சம் கோடிப் பங்கு நீரில் இது ஒருசில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு அறிந்துவிடும். ரோஜாவில் மட்டுமல்ல, ஆப்பிள், திராட்சை, தேயிலை ஆகியவற்றிலும் இது உண்டு.

புகையிலைக்குள் பழம் நுழைந்த மர்மம் இங்கேதான் அவிழ்கிறது. பழத்திலிருந்து எதுவும் இலைக்குச் செல்லவில்லை. பழமும் பூவும் இலையும் ஒரே வகை நிறமிகளைக் கொண்டவை. அவை உடையும்போது ஒரே வகைத் துண்டுகள் கிடைக்கின்றன. நீலகிரியில் பறித்த கொழுந்து மணமுள்ள தேயிலைத் தூளாக மாறுவதிலும் இந்த வேதிவினைக்குப் பங்குண்டு.

வறுபட்ட மணங்கள்

கோகோவும் வறுத்த கொட்டையும் வேறு வழியாக வருகின்றன. தோசையின் ஓரம் முறுகும்போதும், நிலக்கடலையை வறுக்கும்போதும் எழும் மணத்தை எண்ணிப் பாருங்கள். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வெப்பத்தில் சேர்ந்து வினைபுரிவதால் அந்த மணமும் பழுப்பு நிறமும் உண்டாகின்றன. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு அறிஞர் மயார் என்பவரின் பெயராலேயே இது மயார் வினை எனப்படுகிறது. இதில் பிறக்கும் பைரசீன் என்ற சேர்மங்களே வறுத்த கடலை, காப்பி, கோகோ ஆகியவற்றின் மணத்தில் முக்கிய இடம் வகிக்கின்றன. புகையிலையிலும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் உண்டு. ஆகவே அங்கும் பைரசீன்கள் உண்டாவதில் வியப்பில்லை.

ஆனால் நெருப்பில் இவையெல்லாம் எரிந்துவிடாவா? கங்கில் இருப்பவை எரிந்துதான் போகின்றன. கங்குக்கு அடுத்துள்ள இலையோ சூடேறுகிறதே தவிர எரிவதில்லை. அங்கே ஏறத்தாழ ஒரு வாலையில் நடப்பதுபோல் மணப்பொருள்கள் ஆவியாகி, உறிஞ்சும் புகையோடு வந்துவிடுகின்றன.

பீப்பாயும் விறகுப் புகையும்

மனிதன் தன் கைவேலையாலும் மணங்களை மாற்றியிருக்கிறான். இரண்டு உதாரணங்கள் போதும்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் பெரீக் என்ற புகையிலை தயாராகிறது. இலையை மரப்பீப்பாய்களில் திணித்துத் திருகு அழுத்தியால் இறுக்குகிறார்கள். இலையின் சாறு கசிந்து அதிலேயே அது ஊறுகிறது. அவ்வப்போது திறந்து புரட்டி, மீண்டும் அழுத்துகிறார்கள். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நுண்ணுயிர்கள் உள்ளே வேலை செய்கின்றன. ஊறுகாய்ப் பானையில் நடப்பதற்கு உறவான வேலை இது. அமிலங்களும், அவற்றிலிருந்து பழ மணம் வீசும் எஸ்டர்களும் உண்டாகின்றன. பெரீக்கில் அத்திப்பழமும் காடியும் தெரிவது இதனால்தான்.

மற்றொன்று லத்தாக்கியா. சிரியாவின் துறைமுக நகர் ஒன்றின் பெயர் இது. இவ்வகை இலையை விறகும் வாசனைச் செடிகளும் புகையும் கூடத்தில் நெடுநாள் தொங்கவிட்டுக் கருமையாக்குவார்கள். பிற்காலத்தில் சைப்ரஸ் தீவிலும் இம்முறை வேரூன்றியது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் வெந்து சிதையும்போது குவயாகோல் போன்ற பீனால் சேர்மங்கள் எழுகின்றன. விறகடுப்பில் வைத்த பாலில் தெரிகிற அதே புகை மணம்!

எதிர்பாராத மணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சுங்கானின் கிண்ணத்தைப் பெரும்பாலும் பிரையர் என்ற மத்தியதரைக் கடல் நாட்டுச் செடியின் வேர்க்கட்டையில் குடைகிறார்கள். மரமும் அதன்மேல் படியும் கரியும் பழைய மணங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லத்தாக்கியா புகைத்த சுங்கானில் வேறு இலையை அடைத்தாலும் பழைய மணம் எட்டிப் பார்க்கும். ஆங்கிலேயர் இதைப் பேய் என்றே அழைக்கிறார்கள்.

ஒரே புகை, வேறு வேறு பெயர்

ஒரே புகையிலையில் ஒருவர் வயலட் பூவைக் காண்கிறார். அடுத்தவர் அப்படி ஒன்றுமே இல்லை என்கிறார். இருவரும் உண்மையே சொல்லக்கூடும். நம் மூக்கில் சுமார் 400 வகை மண ஏற்பிகள் உள்ளன. இவற்றுக்கான மரபணுக்களைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் இருவரும் 2004ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். ஏற்பிகள் எல்லாருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. பீட்டா அயனோனைச் சிலர் நன்கு உணர்வதும் சிலர் உணராததும், பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவின் வேறுபாட்டால் என்று 2013இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

மணத்துக்குப் பெயரிடுவது மூளை. தன் நினைவில் உள்ளவற்றுள் எது பொருந்துகிறது என்று அது தேடுகிறது. வயலட் பூவை முகர்ந்தே அறியாதவருக்கு அந்தப் பெயர் எப்படித் தோன்றும்? ஆகவே மூலக்கூறு இலையில் இருக்கிறது. 'அத்திப்பழம்' என்ற பெயரோ நினைவில் இருக்கிறது.

மணத்தின் மறுபக்கம்

இனி எச்சரிக்கைக்கு வருவோம். மணம் நல்லதாக இருப்பதால் புகையும் நல்லதாகிவிடுமா? மூக்கு அறிந்து சொல்வது புகையின் ஒரு சிறு பகுதியையே. புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. அது இரத்தத்தில் கலப்பதை எந்த மூக்கும் எச்சரிக்காது. சுங்கான் பிடிப்பவர் புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும், உதடு, வாய், தொண்டை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு. சுங்கானுக்கும் உதட்டுப் புற்றுக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795ஆம் ஆண்டிலேயே குறிப்பிட்டார். கொடுமை என்னவென்றால், தொடர்ந்து புகைப்பவரின் மோப்ப சக்தியும் மழுங்கிப் போகிறது.

சேர்க்கப்படும் மணங்களின் கதை இன்னும் சிந்திக்க வைப்பது. கூமரின் என்ற பொருளுக்குப் புதிதாக அறுத்துக் காய்ந்த புல்லின் இனிய மணம். வில்லியம் பெர்கின் 1868இல் இதை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார். சோதனை விலங்குகளின் கல்லீரலை இது பாதித்ததால், உணவில் சேர்க்க அமெரிக்கா 1954இல் தடை விதித்தது. ஆனால் சுங்கான் புகையிலை உணவு அல்லவே! ஜெஃப்ரி வைகண்ட் என்ற விஞ்ஞானி 1989 முதல் 1993 வரை ஓர் அமெரிக்கப் புகையிலை நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். சுங்கான் புகையிலையில் கூமரின் சேர்ப்பதைத் தாம் எதிர்த்ததாகவும், நிறுவனம் செவிசாய்க்கவில்லை என்றும் 1996இல் ஒளிபரப்பான தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் வெளிப்படையாகக் கூறினார். அதற்கு முன்பே அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்.

பழ மணமும் மிட்டாய் மணமும் யாரைக் கவரும்? உங்கள் வயதினரைத்தான். இதை உணர்ந்தே, சிகரெட்டில் இத்தகைய மணங்களைச் சேர்க்க அமெரிக்கா 2009இல் தடை விதித்தது. அப்போதும் மென்தாலுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சுங்கான் புகையிலை அந்தத் தடைக்குள் வரவில்லை. 18 வயது நிரம்பாதவர்களுக்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிலையங்களுக்கு 100 கெஜ தூரத்துக்குள் விற்பதையும் இந்தியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

ரோஜாவின் மூலக்கூறு ரோஜாவிலேயே இருக்கிறது. பைரசீனின் மணம் வறுத்த கடலையிலும், கரோட்டினாய்டின் மணம் ஒரு குவளைத் தேநீரிலும் கிடைக்கின்றன. அவற்றை அறிய நெருப்பும் நிக்கோடினும் தேவையில்லை. அடுத்த முறை தேநீர் அருந்தும்போது ஒரு கணம் மூக்கைப் பிடித்து, பிறகு விட்டுப் பாருங்கள். நாற்பது கார்பன் சங்கிலியின் உடைந்த துண்டுகள் உங்கள் மூக்கின் பின்வாசலைத் தட்டும்!