வாசல் வெளிச்சத்தில் மாறும் அரக்கு

மேட்சிங் கடைகளில் இந்தக் காட்சியைத் தினமும் பார்க்கலாம். கடைக்காரர் ஐந்தாறு அரக்கு பிட்டுகளை மேசைமேல் விரித்து, "இது அச்சு அசலா அதே கலர்ம்மா" என்பார். வந்த அம்மா பதில் பேசாமல் புடவையையும் பிட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடப்பார். வெயிலில் நின்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "ஊஹூம், இது காபிப்பொடி அடிக்குது" என்று திரும்பி வருவார். கடைக்காரருக்கு அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இயற்பியல் அந்த அம்மாவின் பக்கம். கடைக்குள் இரண்டும் ஒரே நிறமாக இருந்ததும் உண்மை, வாசலில் வேறாகப் போனதும் உண்மை.

துணிக்கென்று சொந்தமாக நிறம் கிடையாது. சாயம் தன்மேல் விழும் ஒளியில் சில அலைநீளங்களை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த மிச்சத்தில் நூற்றுக்கணக்கான அலைநீளங்கள் கலந்திருக்கலாம். நம் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூன்றே வகை. வந்த அத்தனையையும் அவை மூன்று எண்களாகச் சுருக்கி மூளைக்கு அனுப்பிவிடுகின்றன. விவரம் அங்கேயே தொலைந்துபோகிறது. சாமான்கள் வேறு வேறாக இருந்தும் இரண்டு மளிகைச் சீட்டுகளின் கூட்டுத்தொகை ஒன்றாக வந்துவிடலாம் அல்லவா? விலைவாசி மாறினால் அந்தத் தொகைகள் பிரிந்துவிடும். இங்கே விலைவாசி என்பது ஒளி. குழல்விளக்கின் கீழ் ஒத்துப்போன இரு துணிகள் வெயிலில் பிரிந்துவிடுவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர்.

புடவைக்கு ரவிக்கை தேடும்போது இந்தத் தொல்லை அதிகமாவதற்குக் காரணம் இருக்கிறது. பட்டு பொதுவாக அமிலச் சாய வகையைப் பிடித்துக்கொள்ளும். டூ-பை-டூ பருத்திக்கு ரியாக்டிவ் சாயம். பாலியெஸ்டருக்கு இவை இரண்டும் ஒட்டாது, டிஸ்பர்ஸ் சாயம் வேண்டும். மூன்றும் மூன்று வேதியியல் குடும்பங்கள். ஆக, காஞ்சிபுரம் பட்டின் அரக்கும் பருத்தி பிட்டின் அரக்கும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே தொகையில் சந்தித்தவை. விளக்கு மாறினால் அந்தச் சந்திப்பு கலையும். இப்போது கடைகளில் எரியும் எல்.இ.டி.க்களில் பெரும்பாலானவை நீல ஒளியை மஞ்சள் பாஸ்பர் பூச்சின் வழியே வெள்ளையாக்கித் தருகின்றன. அடர்சிவப்புப் பகுதியில் அவை பலவீனம். கல்யாண மண்டபத்துப் பழைய மஞ்சள் பல்புகளோ சிவப்பை அள்ளிக் கொட்டுபவை. அரக்கு, மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல் நிறமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கின்றன.

வெள்ளைக்கு வெள்ளை பொருத்துவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் ஏமாறுவார்கள். ஆலை வெள்ளையில் ஒளியூட்டி என்றொரு பொருள் கலந்திருக்கும். அது வெயிலின் புற ஊதாக் கதிரைக் குடித்து நீலமாகக் கக்கும். பளீரென்று தெரிவது அதனால்தான். புற ஊதா அநேகமாக இல்லாத எல்.இ.டி. வெளிச்சத்தில் அந்த வேலை நடக்காது. கடைக்குள் இரட்டைப் பிறவிகளாக இருந்த இரண்டு வெள்ளைத் துணிகளில் ஒன்று தெருவுக்கு வந்ததும் நீலம் பூக்கும், மற்றது பழுத்துத் தெரியும்.

திருப்பூர் ஏற்றுமதிக்காரர்களுக்கு இது வயிற்றுப்பிழைப்பு. அங்கே லைட் பாக்ஸ் என்றொரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கும். பொத்தானைத் தட்டத் தட்ட உள்ளே 6500 கெல்வின் பகலொளி, மஞ்சள் பல்பு, ஐரோப்பியக் கடைகளின் குழல்விளக்கு, புற ஊதா என்று மாறி மாறி எரியும். எல்லாவற்றிலும் தேறினால்தான் துணி தேறியது. வித்தியாசத்தை டெல்டா-ஈ என்ற எண்ணாலும் அளக்கிறார்கள். அது ஒன்றை ஒட்டியிருந்தால் கண்ணுக்குப் பிடிபடுவதே கஷ்டம். ஆனால் அந்த எண் சுழியமாக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரே சாயப்பட்டறை, ஒரே கணக்கு, ஒரே கைதான். ஆனாலும் தண்ணீரின் உப்பும் கொதியின் சூடும் கொஞ்சம் மாறினாலே அடுத்த லாட் வேறு சாயலில் வந்துவிடும். அக்கா தங்கைகளுக்கு ஒரே நிறத்தில் பாவாடை தைப்பவர்கள் துணியை ஒரே தானிலிருந்து ஒரே தடவையில் வாங்கிவிடுவது நல்லது. "பத்தலைன்னா அப்புறம் வாங்கிக்கலாம்" என்பதில்தான் பணம் போகிறது.

சாயத்தில் குறையே இல்லாமலும் புகார் வரும். பாரிஸில் கோபெலின் என்ற அரச நெசவுக்கூடத்துக்கு 1824-ல் சாயப் பிரிவு இயக்குநராக மிஷெல் யூஜீன் செவ்ரல் என்ற வேதியியலாளர் வந்து சேர்ந்தார். அவர் முன் வைக்கப்பட்ட புகார்களில் ஒன்று, நீலத்திலும் ஊதாவிலும் நிழல் காட்டப் போடும் கறுப்பு நூலில் அழுத்தம் இல்லை என்பது. அவர் வெளியூர்ப் பட்டறைகளின் கறுப்பு நூலைத் தருவித்து ஒப்பிட்டார். கோபெலின் கறுப்பு எதற்கும் சளைத்ததாக இல்லை. பக்கத்தில் இருந்த நீலம்தான் குற்றவாளி. ஒரு நிறத்தைப் பார்க்கும் கண் அதற்கு எதிரான நிறத்தின் சாயலை அடுத்திருப்பதன்மேல் ஏற்றிவிடுகிறது. நீலத்தின் எதிர் ஆரஞ்சு, அது கறுப்பின்மேல் ஏறினால் கறுப்பு வெளுத்துத் துருவேறித் தெரியும். இதை விரிவாக ஆராய்ந்து 1839-ல் பெரிய புத்தகமாகவே வெளியிட்டார். சாயப்பட்டறைப் புகார் ஒன்று ஓவியர்களின் பாடமாகிப் போனது.

மேட்சிங் பார்க்கும்போது இதை மனதில் வைக்கலாம். பச்சைக் கரைக்குப் பக்கத்தில் வைத்த அரக்கு பிட், அதே புடவையின் உடல்மேல் வைத்ததைவிடச் சிவப்பாகத் தெரியும். ஒட்டவைத்த இரண்டு துணிகளின் சின்ன வித்தியாசத்தையும் கண் கண்டுபிடிக்கும், நடுவில் ஒரு கோடு விழுந்தாலோ தடுமாறும். கை போடத் துணி பற்றாமல் வேறு லாட்டில் ஒட்டுப் போட வேண்டி வந்தால், கைதேர்ந்த டெய்லர் இணைப்பில் மெல்லிய சரிகைப் பைப்பிங் ஒன்றை ஓட்டிவிடுகிறார். அலங்காரம் என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்வார். அதற்கும் வழியில்லாத இடத்தில் எதிர் நிறமே மேல் என்பேன். கிட்டத்தட்டப் பொருந்துவது தப்பு நடந்ததுபோல் தெரியும், முற்றிலும் வேறானது வேண்டுமென்றே செய்ததுபோல் தெரியும்.

நிறம் ஒளிக்குக் கட்டுப்பட்டது என்றால் சில துணிகள் திசைக்கும் கட்டுப்பட்டவை. மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம். அதில் முதுகை நீளவாக்கிலும் கையைக் குறுக்குவாக்கிலும் வெட்டினால், தைத்து முடித்ததும் உடம்பு நீலமாகவும் கை பச்சையாகவும் நிற்கும். வெல்வெட்டில் இன்னும் மோசம். ரோமம் மேல்நோக்கி இருந்தால் ஒளி அதற்குள் புகுந்து மாட்டிக்கொண்டு நிறம் ஆழமாகும், கீழ்நோக்கி இருந்தால் வெளிறிப் பளபளக்கும். துணி மிச்சமாகட்டும் என்று ஒரு பாகத்தைத் தலைகீழாகப் போட்டு வெட்டினால், ஒரே தானில் வெட்டிய துணியே இரண்டு தானாகிவிடும்.

அளவும் அப்படித்தான் நம்பமுடியாதது. தறியிலும் ஆலையிலும் இழைகள் இழுத்துப் பிடிக்கப்பட்ட நிலையில்தான் துணி உருவாகிறது. தண்ணீர் பட்டதும் பருத்தி நார் குறுக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பருக்கும், நீளத்தில் மாற்றம் மிகக் குறைவு. பருத்த இழையைச் சுற்றிப் போக வேண்டிய எதிர் இழைக்கு அதிக நீளம் தேவைப்படுகிறது. கூடுதல் நீளம் எங்கிருந்து வரும்? துணிதான் சுருங்கிக் கொடுக்கிறது. 36 அங்குல மார்புச் சுற்றில் மூன்று சதவீதம் என்றால் ஓர் அங்குலத்துக்கு மேல். ரவிக்கையில் ஓர் அங்குலம் என்பது மூச்சுவிடுவதற்கும் விடாததற்கும் உள்ள இடைவெளி. அமெரிக்கரான சான்ஃபோர்ட் குளூயட் 1930-வாக்கில் கொண்டுவந்த முறையில், துணியை நீட்டிய ரப்பர் பட்டையோடு சேர்த்து ஓடவிட்டு, பட்டை சுருங்கும்போது துணியையும் சேர்த்துச் சுருக்கிவிடுவார்கள். பழைய சட்டைத் துணிகளில் கண்ட ‘சான்ஃபரைஸ்டு’ முத்திரை அவர் பெயரிலிருந்து வந்ததே.

லைனிங் துணிக்கு அந்தப் பாக்கியம் பெரும்பாலும் இல்லை. நனைக்காமல் வைத்துத் தைத்த பருத்தி லைனிங் முதல் துவைப்பில் சுருங்கும், மேல்துணி சுருங்காது. தோள்பட்டையில் கொசகொசவென்று சுருக்கம் விழுந்ததற்கு டெய்லர் திட்டு வாங்குவார். அளவு ஜாக்கெட் கொடுப்பதிலும் இதே வம்பு உண்டு. கொடுத்தது பலமுறை துவைத்துச் சுருங்கி, உடம்புக்கேற்ப நெகிழ்ந்து முடித்தது. வெட்டப்போவது இன்னும் தண்ணீரையே பார்க்காதது.

இத்தனைக்கும் பிறகு தையல் கூலி சில நூறு, துணி பல ஆயிரம். தப்பானால் யார் கொடுப்பது என்ற சண்டை கூலியை வைத்துத் தீராது. அதனால் டெய்லர்கள் தப்புக்கு முன்னாலேயே இடம் ஒதுக்குகிறார்கள். பக்கவாட்டில் உள்ளே இரண்டு விரல் துணி விடுவது பிரித்து விடத்தான். பருத்தியில் அப்படிப் பிரித்தால் பெரிய கவலையில்லை. ஊசி இழைகளை விலக்கிக்கொண்டுதான் போகிறது, நனைத்துத் தேய்த்தால் விலகிய இழைகள் பெரும்பாலும் பழைய இடத்துக்கு வந்துவிடும். நெருக்கமாக நெய்த பட்டில் ஓட்டைகள் வரிசையாக நிற்கும். பிடித்து இறுக்கினால் அந்த வரிசை உள்ளே போய் மறையும், பிரித்துத் தளர்த்தினால் வெளியே வந்து எல்லோருக்கும் தெரியும். பட்டு ரவிக்கையில் முதல் தையலை அனுபவசாலிகள் வேண்டுமென்றே கொஞ்சம் லூசாகப் போட்டு, போட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்புவது அதனால்தான்.