வீட்டுத் தோட்டத்தை நத்தையிடமிருந்தும் வனவிலங்குகளிடமிருந்தும் காப்பது எப்படி?

கொல்லையில் ஐந்து சென்ட் நிலம், அதாவது சுமார் 200 சதுர மீட்டர் இருந்தால் போதும். ஒரு சிறு குடும்பத்துக்கு வேண்டிய கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், அவரை, கீரை வகைகளைப் பெரும்பாலும் அதிலிருந்தே பெற்றுவிடலாம். பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் பாசனத்துக்கு உதவும். எருவும் வீட்டிலேயே கிடைக்கிறது. ஆனால், இரவோடு இரவாக நத்தை நாற்றுகளைத் தின்றுவிடுகிறது. விடியற்காலையில் மயில் வந்து காய்களைக் கொத்திவிடுகிறது. இதனால் மனம் சலித்துத் தோட்டத்தையே கைவிட்ட குடும்பங்கள் பல.

வயலில் பத்துச் செடி அழிந்தால் பெரிதாகத் தெரியாது. கொல்லையில் இருப்பதோ இருபது கத்தரிச் செடிதான். அதில் பத்துப் போனால் பாதித் தோட்டமே போன மாதிரி. எனவேதான் பலரும் அவசரப்பட்டு மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். ஆனால் இன்று மருந்து வைத்த இடத்தில் நாளை கீரை பறிக்கிறோம். அதே இடத்தில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். கோழியும் ஆடும் மேய்கின்றன. ஆகவே வீட்டுத் தோட்டத்தில் பயிர்ப் பாதுகாப்பு என்பது முதலில் எதிரி யார் என்று அறிவது, அடுத்து கையால் பொறுக்குவது, பிறகு வேலியாலும் வலையாலும் தடுப்பது என்ற வரிசையில் அமைய வேண்டும். நஞ்சு வைப்பது இந்த வரிசையில் இல்லை.

சேதம் செய்தது யார்?

காலையில் தோட்டத்துக்குச் சென்றதும் அடையாளங்களைக் கவனிக்க வேண்டும். இலையில் ஒழுங்கற்ற பெரிய ஓட்டைகளும், மண்ணிலும் இலையிலும் காய்ந்து பளபளக்கும் கோழைத் தடமும் இருந்தால் அது நத்தையின் வேலை. ஓடுள்ள நத்தை, ஓடில்லா நத்தை இரண்டுமே இத்தடத்தை விட்டுச் செல்லும். ஓட்டை இருந்து, கோழை இல்லாமல், இலைமேல் சிறு உருண்டைகளாக எச்சம் கிடந்தால் அது புழுவின் சேதம்.

இளஞ்செடி கத்தியால் சாய்வாக வெட்டியது போல் துண்டிக்கப்பட்டு, அருகில் உலர்ந்த உருண்டைப் புழுக்கைகள் கிடந்தால் முயல் வந்திருக்கிறது. நுனி பிய்த்து இழுத்தது போல் கந்தலாக இருந்தால் அது மான். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால் அது செடியைக் கடித்து வெட்டாமல் பிய்த்தே தின்கிறது. மண்ணை மூக்கால் உழுதது போல் கிளறிப் போட்டிருந்தால் காட்டுப்பன்றி. கிழங்குகள் குடையப்பட்டு, அருகில் வளை இருந்தால் எலி அல்லது பெருச்சாளி. தக்காளியும் மிளகாயும் கொத்தப்பட்டு, புழுதியில் முன்பக்கம் மூன்று விரல் பதிந்த பெரிய காலடி இருந்தால் மயில். அரைகுறையாகக் கடித்த காய்கள் எங்கும் இறைந்து கிடந்தால் குரங்கு.

ஆப்பிரிக்க நத்தை

தோட்டங்களில் பெருஞ்சேதம் செய்வது ஆப்பிரிக்கப் பெருநத்தை. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது, 1847-இல் மொரீசியஸ் தீவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. பப்பாளி, வாழை, அவரை, கத்தரி, கீரை, செண்டுமல்லி என்று எதையும் விடுவதில்லை. ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டியிருப்பதால் வெள்ளையடித்த சுவரையும் சுரண்டித் தின்னும்.

ஒரே நத்தையில் ஆண், பெண் இரு உறுப்புகளும் உண்டு. ஆகவே வளர்ந்த ஒவ்வொரு நத்தையும் முட்டையிடக் கூடியது. ஒரு முறைக்கு 200 முட்டைகள் வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் மண்ணுக்குள் இடும். ஆண்டுக்குப் பல முறை இடும். முட்டைகள் மிளகு அளவில், வெளிர் மஞ்சள் நிறத்தில் இருக்கும். கோடையில் ஓட்டின் வாயை மெல்லிய படலத்தால் மூடிக்கொண்டு, கல் இடுக்கிலும் மண்ணுக்கடியிலும் பல மாதம் உறங்கும். மழை பெய்து மண் நனைந்ததும் வெளியே வரும்.

முதல் மழைக்குப் பின் வரும் நத்தைகளைப் பிடிப்பதே மிகச் சிறந்த கட்டுப்பாடு. ஐப்பசி அடைமழைக்கு முன் பத்து நத்தையைப் பொறுக்கினால், ஒன்றுக்கு 200 வீதம் 2,000 முட்டைகள் மண்ணில் விழாமல் தடுத்தவர் ஆகிறோம். கார்த்திகை வரை காத்திருந்து பொறுக்கினால், தாய் நத்தை கையில் வரும்; அதன் குஞ்சுகள் தோட்டத்திலேயே தங்கிவிடும்.

பொறுக்கும் முறை

மாலையில் பழைய சாக்கை நீரில் நனைத்துத் தோட்டத்தின் மூலைகளில் விரிக்க வேண்டும். அதன் அடியில் பப்பாளி இலை, பப்பாளித் தண்டுத் துண்டுகள், முட்டைக்கோசின் புற இலைகள் ஆகியவற்றைப் போட வேண்டும். இருட்டியபின் இரண்டு மணி நேரம் கழித்து விளக்குடன் ஒரு முறையும், விடியற்காலையில் ஒரு முறையும் சாக்கைப் புரட்டினால் நத்தைகள் கூட்டமாக இருக்கும்.

வெறுங்கையால் தொடக் கூடாது. கையுறையோ பாலிதீன் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும். எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம் பருவம் நத்தையின் உடலில் தங்கியிருக்கக் கூடும். அது மனிதனுக்குள் சென்றால் மூளையைச் சுற்றியுள்ள உறையில் அழற்சியை உண்டாக்கும். நத்தையைத் தொட்ட பின் சோப்பினால் கை கழுவுவதும், நத்தை உலவும் தோட்டத்தின் கீரையை இலை இலையாகக் கழுவிச் சமைத்து உண்பதும் அவசியம். குழந்தைகளை நத்தை பொறுக்க அனுப்பவே கூடாது.

பிடித்த நத்தைகளை, ஒரு லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு வீதம் கரைத்த நீரில் போட்டால் இறந்துவிடும். மறுநாள் ஒன்றரை அடி ஆழக் குழியில் கொட்டி, சுண்ணாம்பு தூவி மூட வேண்டும். உப்பு நீரைப் பாத்தியிலோ கிணற்றருகிலோ ஊற்றக் கூடாது. உப்பை நேரடியாகச் செடியடியில் தூவுவதும் தவறு. நத்தை போனாலும் மண் கெட்டுவிடும். தெருவிலோ அண்டை வீட்டுக் கொல்லையிலோ எறிந்தால் அவை திரும்பி வரும். இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரு முறையும் பொறுக்கினால் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். அண்டை வீட்டாரும் அதே நாட்களில் பொறுக்கினால் பலன் பன்மடங்காகும்.

ஈரமும் மறைவிடமும்

நத்தை நகர ஈரம் வேண்டும். மாலையில் நீர் பாய்ச்சினால் இரவு முழுவதும் தரை ஈரமாக இருந்து அதற்குப் பாதை போட்டுக் கொடுக்கும். காலையில் பாய்ச்சினால் மாலைக்குள் மேல்மண் உலர்ந்துவிடும். செலவே இல்லாத இந்த மாற்றம் நத்தைச் சேதத்தைக் கண்கூடாகக் குறைக்கிறது.

மூடாக்கை நாற்றின் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். உடைந்த செங்கல், பலகை, மட்டைக் குவியல் ஆகியவற்றை அப்புறப்படுத்த வேண்டும். கிளுவை வேலியின் அடியில் சருகும் களையும் சேர்ந்தால் நத்தைகளுக்கு அதுவே குடியிருப்பாகும். வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடாமல் அடிப்பகுதியைச் சுத்தமாக வைத்திருப்பது நலம்.

நாற்றங்காலைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குச் சாம்பல் அல்லது சுண்ணாம்புத் தூள் தூவலாம். ஆனால் உலர்ந்திருக்கும் வரைதான் இதற்குப் பலன். மழையில் நனைந்தால் மறுபடி தூவ வேண்டும். செம்போத்துப் பறவை நத்தையைத் தேடித் தின்னும். அதை விரட்டக் கூடாது. வாத்து வளர்ப்போர் செடிகள் நன்கு வேரூன்றியபின் காலையில் ஒரு மணி நேரம் அவற்றைத் தோட்டத்தில் விட்டால் ஓடில்லா நத்தைகளையும் சிறு நத்தைகளையும் பொறுக்கிவிடும்.

வெளியூரிலிருந்து வரும் நாற்று, தொட்டிச் செடி, எரு, மணல் ஆகியவற்றுடன்தான் முட்டைகள் பெரும்பாலும் வந்து சேர்கின்றன. வாங்கிய எருவைக் கிளறிப் பார்த்து, முட்டைகள் இருந்தால் வெயிலில் பரப்பிக் காயவிட்ட பிறகே இட வேண்டும். கடைகளில் விற்கும் மெட்டால்டிஹைடு நத்தைக்கொல்லி வில்லைகள் நாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தானவை. வீட்டுத் தோட்டத்துக்கு அவை வேண்டாம்.

முயலும் மானும்

முயலைத் தடுக்க, ஓர் அங்குலத்துக்கு மிகாத கண்ணுள்ள கோழி வலை போதும். தரைக்கு மேல் இரண்டரை அடி உயரம் இருக்க வேண்டும். அடியில் அரை அடியை வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதைக்க வேண்டும். இப்படி மடிக்காவிட்டால் முயல் அடியில் தோண்டி நுழைந்துவிடும். மானுக்கு இந்த உயரம் போதாது. ஆள் உயரத்துக்கு மேல் வளரும் கிளுவை வேலியே ஏற்றது. முள் கிளுவைப் போத்துகளை மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றி, இடைவெளிகளில் கருவேல முள் வைத்துக் கட்டினால் ஓரிரு ஆண்டில் உயிர்வேலி உருவாகிவிடும்.

மயில், குரங்கு

மயில் நம் தேசியப் பறவை. அதைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடுங்குற்றம். விதைத்த பாத்தி மேல் இலந்தை முள்ளைப் பரப்பி, முளை ஒரு சாண் வளர்ந்ததும் எடுத்துவிடலாம். நாற்றங்காலுக்கும் தக்காளிப் பாத்திக்கும் குச்சி நட்டு வலை போடலாம். வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். தரையில் சுருண்டு கிடக்க விடக் கூடாது. தொய்ந்த நைலான் வலையில் பாம்பு சிக்கிக்கொள்ளும். எலியைப் பிடிக்கும் சாரைப் பாம்பு அதில் மாண்டால் நட்டம் தோட்டத்துக்கே. சோளக்கொல்லைப் பொம்மை, மினுக்கும் ரிப்பன் ஆகியவற்றை ஒரே இடத்தில் விட்டால் சில நாளில் பழகிவிடும். அடிக்கடி இடம் மாற்ற வேண்டும்.

தக்காளி நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து வீட்டில் பழுக்க வைத்தால் மயில், அணில், கிளி, குரங்கு எல்லாவற்றிடமிருந்தும் தப்பிக்கலாம். குரங்கு வரும் ஊர்களில் எச்சில் உணவையும் காய்கறிக் கழிவையும் திறந்த இடத்தில் கொட்டக் கூடாது. குரங்குக்குப் பிரியத்துடன் உணவு கொடுப்பதும் அழைப்பு வைப்பது போலத்தான். இஞ்சி, மஞ்சள், பாகல் போன்றவற்றை அது அதிகம் நாடுவதில்லை.

காட்டுப்பன்றியும் உயிர் குடிக்கும் வேலியும்

மலையடிவார ஊர்களில் காட்டுப்பன்றித் தொல்லை உண்டு. கொல்லையளவு நிலத்துக்குக் கெட்டியான கம்பி வலை வேலி அமைத்து, அடிப்பகுதியை ஓர் அடி புதைத்து, தரையை ஒட்டி முள்கம்பி இழுத்துக் கட்டுவதே நிலையான தீர்வு. மரவள்ளி, சர்க்கரைவள்ளியை வேலி ஓரத்தில் நடாமல் வீட்டுச் சுவரை ஒட்டி நடுவது நல்லது.

பன்றியை விரட்ட ஃபோரேட் குருணையைப் பொட்டலம் கட்டித் தொங்கவிடும் பழக்கம் முன்பு இருந்தது. அந்த மருந்து 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு வீட்டில் இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் பாய்ச்சவே கூடாது. அந்தக் கம்பி பன்றியையும் மனிதனையும் வேறுபடுத்தாது. தண்ணீர் பாய்ச்ச இருட்டில் சென்ற பண்ணையாளோ, பந்தைத் தேடி வந்த குழந்தையோ, வேலி போட்டவரே கூடவோ பலியாகலாம். யானை உள்ளிட்ட விலங்குகளும் இத்தகைய வேலிகளில் மாண்டிருக்கின்றன. நான்கு மரவள்ளிச் செடிக்காக ஓர் உயிரும், அதற்காகச் சிறையும் எந்தக் கணக்கிலும் கட்டாது. சூரிய மின்வேலி அமைக்க விரும்புவோரும் தமிழக அரசின் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். வனவிலங்கால் பயிர் சேதமானால் உடனே வனச்சரக அலுவலகத்தில் தெரிவித்து, நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

சுருக்கமாக

கோடையில் வேலியைச் சீர் செய்து மறைவிடங்களை அகற்றுதல், முதல் மழையிலேயே நத்தை பொறுக்குதல், காலையில் நீர் பாய்ச்சுதல், விதைத்த அன்றே முள்ளோ வலையோ போடுதல் ஆகிய நான்கையும் தவறாமல் செய்ய வேண்டும். இவற்றுக்கு வேண்டியது பணத்தைவிட, அந்திக்கும் விடியலுக்கும் அரை அரை மணி நேரக் கவனம்தான். அப்படிக் காத்த தோட்டத்தின் கீரையை மருந்து பற்றிய பயமின்றிக் குழந்தைகளின் இலையில் பரிமாறலாம்.