கறுப்புக் கோடுகள் சொல்வதென்ன?

ஒரு சோப்பு உறையையோ பிஸ்கட் பொட்டலத்தையோ திருப்பிப் பாருங்கள். ஓர் ஓரத்தில் கறுப்புக் கோடுகளும் அவற்றின் அடியில் 13 இலக்கங்களும் இருக்கும். கடைக்காரர் கருவியைக் காட்டியதும் பில்லில் பொருளின் பெயரும் விலையும் விழுந்துவிடுகின்றன. ஆகவே, விலை அக்கோடுகளுக்குள் ஒளிந்திருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அங்கே விலையும் இல்லை, பெயரும் இல்லை. ஓர் எண் மட்டுமே உண்டு. மற்ற விவரங்கள் அந்தக் கடையின் கணிப்பொறியில் இருக்கின்றன. ஒரே பொட்டலம் இரு கடைகளில் இரு விலைக்கு விற்பது இதனால்தான் இயலுகிறது.

இந்த யோசனை அமெரிக்காவில் பிறந்தது. நார்மன் ஜோசஃப் உட்லண்ட் என்பவர் மயாமி கடற்கரை மணலில் மோர்ஸ் தந்திக் குறிகளைப் போட்டு, விரல்களால் கீழ்நோக்கி இழுத்தார். புள்ளிகள் மெல்லிய கோடுகளாகவும், கோடுகள் பட்டைகளாகவும் நீண்டன. அவரும் பெர்னார்டு சில்வரும் 1952-இல் காப்புரிமை பெற்றனர். ஆனால் அவற்றைப் படிக்க லேசரும் மலிவான கணிப்பொறியும் வர வேண்டியிருந்தது. 1974 ஜூன் 26 அன்றுதான், ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரக் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பொட்டலம் முதன்முதலாக இம்முறையில் விற்பனையாயிற்று.

கருவியின் சிவப்பு ஒளி கோடுகளின் குறுக்கே ஓடுகிறது. வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். திரும்பிவரும் ஒளி, ஏறி இறங்கும் மின்னோட்டமாக மாறுகிறது. (வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் கோடுகளை அச்சிட்டால் என்ன ஆகும்? நம் கண்ணுக்கு அவை பளிச்சென்று தெரியும். கருவிக்கோ வெறும் வெள்ளைத் தாள்தான். இரண்டுமே சிவப்பொளியைத் திருப்பி அனுப்புகின்றன அல்லவா?)

ஒவ்வோர் இலக்கத்திற்கும் 7 அலகு அகலம்; அதற்குள் இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு. இடப் பாதியில் 0 என்பதை வெள்ளை 3, கறுப்பு 2, வெள்ளை 1, கறுப்பு 1 என்று எழுதலாம். வலப் பாதியில் அதே 0-வுக்குக் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும். எனவே பொட்டலத்தைத் தலைகீழாகக் காட்டினாலும் கருவி ஏமாறாது. இதில் ஒரு வேடிக்கை: 12 இலக்கங்களுக்கே கோடுகள் உண்டு. இடப் பாதி இலக்கங்களை எழுத இரு வகைகள் உள்ளன; எவ்வெவ்விடத்தில் எந்த வகை என்ற ஒழுங்கே முதல் இலக்கத்தைச் சொல்லிவிடுகிறது!

கடைசி இலக்கம் காவல்காரன். 890123456789 என்ற 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். 1, 3, 5 ஆகிய ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 34. அதன் மும்மடங்கு 102. மொத்தம் 130. இதனுடன் எதைச் சேர்த்தால் 10-இன் மடங்கு வரும்? 0. அதுவே 13-ஆவது இலக்கம். ஏதேனும் ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டால் கணக்கு உடனே உதைக்கும். ஆனால் கையால் தட்டும்போது 27 என்பது 72 ஆகிவிட்டால் காவல்காரன் தூங்கிவிடுவான். ஏன் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

எண்ணை யார் தருவது? அவரவர் விருப்பப்படி போட்டுக்கொண்டால் கடலை மிட்டாயைக் காட்டும்போது பில்லில் சீயக்காய்த்தூள் என்று விழும். நம் நாட்டில் இப்பணியைச் செய்வது 1996-இல் தொடங்கப்பட்ட ஜி.எஸ்.1 இந்தியா என்னும் அமைப்பு. கோவில்பட்டியில் கடலை மிட்டாய் செய்யும் ஒருவர் பதிவு செய்து கட்டணம் கட்டினால், 890 என்று தொடங்கும் நிறுவன எண் கிடைக்கும். அது 10 இலக்கமானால், மீதி இரண்டு இலக்கங்களில் 100 பொருள்களுக்கு அவரே எண்ணிடலாம். 100 கிராமுக்கு ஒன்று, 200 கிராமுக்கு வேறொன்று. பிறகு அந்த எண்ணையும் பொருளின் விவரத்தையும் கடைகளுக்குத் தெரிவிக்க வேண்டும். கடையின் கணிப்பொறியில் ஏறாத எண்ணுக்கு, கோடுகள் எவ்வளவு தெளிவாயிருந்தாலும் பில் வராது.

890 இருந்தால் இந்தியாவில் செய்தது, 690 இருந்தால் சீனாவில் செய்தது என்று ஒரு செய்தி உலவுகிறது. இதை நம்பிப் பொருளை ஒதுக்குவோரும் உண்டு. அம்மூன்று இலக்கங்கள் நிறுவனம் எந்த நாட்டு அமைப்பிடம் எண் பெற்றது என்பதை மட்டுமே குறிக்கும். தொழிற்சாலை எங்கும் இருக்கலாம். செய்த நாட்டை அறிய உறையில் எழுத்தில் உள்ளதைத்தான் படிக்க வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று இடைத்தரகரிடம் எண் வாங்கும் சிறு உற்பத்தியாளர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. கோடுகள் சரியாகவே படிக்கப்படும்; ஆனால் பதிவேட்டில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதை ஒப்பிட்டுப் பார்க்கும் இணைய விற்பனையாளர்கள், பொருளை ஏற்க மறுத்துவிடுவார்கள்.