நஞ்சை மருந்தாக்குவது பயிற்சி

2024-ஆம் ஆண்டு அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பெண்கள் ஒரே மாதிரியான தொல்லைகளோடு மருத்துவர்களிடம் வந்தார்கள். பார்வை மங்கல், தொங்கும் இமை, விழுங்குவதில் சிரமம், மூச்சுத் திணறல். 11 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. பெரும்பாலோர் முகச் சுருக்கம் நீங்க ‘போடாக்ஸ்’ என்ற பெயரில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். போட்டவர்கள் உரிமமோ பயிற்சியோ இல்லாதவர்கள். அல்லது வீடு, ஸ்பா போன்ற இடங்களில் ஊசி போடப்பட்டிருந்தது. போலி மருந்துகளும் புழங்கியது தெரியவந்தது.

போடாக்ஸில் இருக்கும் அதே பொட்டுலினம் நச்சுதான் பக்கவாதத்தில் இறுகிப்போன கையை விரிய வைக்கிறது. மூளை முடக்குவாதத்தால் நுனிக்காலில் நடக்கும் குழந்தையின் குதிகாலைத் தரையில் பதிய வைக்கிறது. மருந்தின் தரம் சரியாக இருந்தால், பலனையும் ஆபத்தையும் தீர்மானிப்பது ஊசியைப் பிடித்திருக்கும் கையின் பயிற்சிதான்.

நரம்பு முனையில் ஒரு வெட்டு

தசை சுருங்க வேண்டுமானால் நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியேற வேண்டும். அது நுண்ணிய பைகளில் தயாராக இருக்கும். பை நரம்பின் சவ்வோடு ஒட்டித் திறப்பதற்குச் சில புரதங்கள் தேவை. ‘ஏ’ வகை பொட்டுலினம் நச்சு நரம்பு முனைக்குள் நுழைந்து, அவற்றில் ஸ்நாப்-25 என்ற புரதத்தைத் துண்டித்துவிடுகிறது. பை திறக்காது, தசை தளர்ந்துவிடும். நரம்பு மடிவதில்லை, புதுப் புரதம் உருவாகி, ஏறக்குறைய மூன்று மாதங்களில் தசை பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் சிகிச்சையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.

கெட்டுப்போன இறைச்சி உணவால் மக்கள் இறப்பதை ஆராய்ந்த ஜெர்மன் மருத்துவர் யூஸ்டினஸ் கெர்னர், இந்த நஞ்சைச் சிறிதளவு தானே உட்கொண்டு பார்த்தார். மிகக் குறைந்த அளவில் இது அடங்காத நரம்புகளை அடக்கும் மருந்தாகலாம் என்று 1822-இலேயே எழுதினார். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் சான்பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணை அறுவை இல்லாமல் சரிசெய்ய வழி தேடிய அவர், முதலில் குரங்குகளிலும் பிறகு மனிதர்களிலும் இதைச் சோதித்தார். 1989-இல் மாறுகண்ணுக்கும், இமைகள் தாமாக இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முகச் சுருக்கத்துக்கான அனுமதி 2002-இல்தான் வந்தது.

எந்தத் தசை, எவ்வளவு மருந்து

கழுத்து டிஸ்டோனியா என்ற நோயில் தலை தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். வலப்பக்கம் திரும்பியிருந்தால் கோளாறு வலக்கழுத்தில் என்றே தோன்றும். ஆனால் காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் பெரிய தசை, தலையை எதிர்ப்பக்கம் திருப்பக்கூடியது. ஆகவே இடப்பக்கத்தில் அந்தத் தசையும், வலப்பக்கத்தில் பிடரித் தசையும் சேர்ந்து இழுத்துக்கொண்டிருக்கக்கூடும். மருத்துவர் தொட்டுப் பார்த்தும், தசையின் மின்துடிப்பைக் கருவியில் கேட்டும், அல்ட்ராசவுண்டு திரையில் ஊசிமுனையைத் தொடர்ந்தும் இடத்தை உறுதிசெய்கிறார். முன்கழுத்தில் அளவு கூடினால் மருந்து தொண்டைத் தசைகளுக்குப் பரவி, நோயாளிக்குச் சாப்பாடு இறங்காது.

ஊசியைக் குத்துவதற்கு முன்பே கணக்கு தொடங்கிவிடுகிறது. 100 யூனிட் குப்பிக்குள் இருக்கும் நச்சு, ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் சில பங்குகள்தான். அதில் 1 மில்லிலிட்டர் உப்புநீர் சேர்த்தால் சிரிஞ்சின் 0.1 மில்லிலிட்டரில் 10 யூனிட் இருக்கும். 2 மில்லிலிட்டர் சேர்த்தால் 5 யூனிட்தான். ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமமல்ல. பெயர் மாறியதைக் கவனிக்காமல் பழைய அளவிலேயே போட்டால் மருந்து குறையும் அல்லது மிஞ்சும். நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்குத் தலை, கழுத்து, தோள் பகுதிகளில் 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட் என்ற தெளிவான முறை இருக்கிறது. அதையும் கண்ணால் பார்த்து, கையால் செய்து பழக வேண்டும்.

முப்பது மணி நேரம் போதுமா?

நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 2010-இல். அதன் பிறகு அடங்காத சிறுநீர்ப்பையும் பட்டியலில் சேர்ந்தது. இந்த அனுமதிகளுக்கு முன் பட்டம் பெற்ற மருத்துவர்கள் இவற்றைக் கல்லூரியில் படித்திருக்க வாய்ப்பு குறைவு. எனவே தொடர் மருத்துவக் கல்வி இங்கே கட்டாயத் தேவை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், மருத்துவர்கள் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரமாவது இத்தகைய கல்வியில் பங்கேற்க வேண்டும் என்றன. ஆனால் அரங்கில் உட்கார்ந்து உரை கேட்பதால் மட்டும் கை பழகாது. உடற்கூறுகளை மீண்டும் பிரித்துப் பார்ப்பது, அல்ட்ராசவுண்டு பயிற்சி, தேர்ந்தவர் அருகிலிருக்க முதல் ஊசிகளைப் போடுவது என எல்லாம் சேர்ந்தால்தான் அது கல்வி.

நோயாளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. எந்த நிறுவனத்தின் மருந்து, எத்தனை யூனிட், எந்தத் தசையில் என்று கேளுங்கள். கேட்டதைக் குறித்தும் வையுங்கள். மயஸ்தீனியா போன்ற நரம்புத்தசை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு முன்பே அடுத்த ஊசிக்கு அவசரப்படாதீர்கள். அடிக்கடி போட்டால் உடல் எதிர்ப்பொருளை உருவாக்கி, மருந்து வேலை செய்யாமலே போகலாம். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நன்றாகப் பயின்ற மருத்துவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்.