மாட்டுக்குத் தீவனம் போடும் மெஷின்: 10 லட்சம் கடன் வாங்கலாமா?

யூடியூப்பில் வெளிநாட்டுப் பண்ணை வீடியோ ஒன்று உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். கொட்டகையில் ஆளே இல்லை. ஒரு பெட்டி மாதிரி மெஷின் தானாக நகர்ந்து வந்து, தொட்டி ஓரமாகத் தீவனத்தைக் கொட்டிவிட்டுப் போகுது. பார்த்ததும் "நம்ம பண்ணைக்கும் இது வந்தா எப்படி இருக்கும்"னு தோணும். அப்புறம் "லோன் போடலாமா"ங்கிற கேள்வி வரும்.

மெஷின் நல்லதா கெட்டதா என்று கேட்பதை விட, அது எந்தப் பிரச்சினையைத் தீர்க்குது, அந்தப் பிரச்சினை உங்களிடம் இருக்கா என்று கேளுங்க. அதுக்கு முதலில் மாடு எப்படிச் சாப்பிடுதுன்னு தெரியணும்.

மாடு எப்படிச் சாப்பிடும்?

நாம மூணு வேளை சாப்பிடுறோம். தொட்டியில் எப்போதும் தீவனம் இருந்தால், கறவை மாடு ஒரு நாளைக்குச் சுமார் 9 முதல் 14 தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடும். மொத்தம் 3 முதல் 5 மணி நேரம். அதுக்கு மேல 7 முதல் 10 மணி நேரம் படுத்து அசை போடும்.

அசை போடும்போது ஊறும் எச்சில்தான் வயிற்றுப் புளிப்பைக் கட்டுப்படுத்துது. ஒரே நேரத்தில் நிறைய அடர்தீவனத்தைக் கொட்டினால் வயிறு புளிச்சுப் போகும். மாடு தீவனம் எடுப்பது குறையும், பாலில் கொழுப்பும் இறங்கும். சொசைட்டியில் கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்துத்தான் காசு தர்றாங்க. அதனால் வயிறு கெட்டால் அடி நேரா உங்க பால் பில்லில் விழும்.

இன்னொரு குணம், மாடு பொறுக்கித் தின்னும். மூக்கால் தள்ளித் தள்ளி, ருசியான தவிடு, புண்ணாக்கை மட்டும் எடுத்துக்கிட்டு தட்டையை ஒதுக்கிடும். தள்ளின தீவனம் எட்டாத தூரத்துக்குப் போனால், தொட்டி நிறைய இருந்தும் மாடு பட்டினிதான்.

கட்டாமல் விட்டு வளர்க்கும் கொட்டகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலமான மாடு முட்டித் தள்ளிவிட்டு முதலில் சாப்பிடும். கன்னி ஈத்து மாடும், இளைச்ச மாடும் மிச்சத்துக்குக் காத்திருக்கும்.

மெஷின் என்ன செய்யுது?

இதுல மூணு வகை இருக்கு.

1. தள்ளிவிடும் ரோபோ: சிதறிய தீவனத்தை மறுபடி மாட்டுக்கு எட்டும் தூரத்துக்குத் தள்ளும்.
2. அடர்தீவன நிலையம்: மாட்டின் கழுத்திலோ காதிலோ உள்ள மின்னணு அடையாளத்தைப் படித்து, அந்த மாட்டுக்கு உரிய அளவை மட்டும் பல தவணையில் கொடுக்கும்.
3. முழுத் தானியங்கி: நெதர்லாந்தின் லெலி நிறுவனத்தின் வெக்டர் இந்த வகை. தொட்டியில் தீவனத்தின் உயரத்தை அளந்து, குறைஞ்சிருந்தால் தானே கலந்து கொண்டு வந்து போடும்.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கவனிச்சுப் பார்த்தாங்க. மாட்டைத் தொட்டிக்கு இழுப்பதில் புதுசாகப் போடும் தீவனத்துக்கு இருக்கும் சக்தி, கிடப்பதைத் தள்ளிவிடுவதற்கு இல்லை. பல தடவையாகப் போடும்போது, பலவீனமான மாடுகளை மற்றவை விரட்டுவதும் குறைஞ்சது. அதனால் "தள்ளும் ரோபோ வாங்கினா பால் தானா கூடும்"னு யாராவது சொன்னால் அப்படியே நம்பிடாதீங்க. அது மிச்சம் பிடிப்பது முக்கியமாக ஆள் வேலையை.

இப்போ கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். மெஷின், கொட்டகை மாற்றம் எல்லாம் சேர்த்து 10 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 வருஷம். மாதத் தவணை சுமார் 21,250 ரூபாய். ஒரு நாளைக்குச் சுமார் 700 ரூபாய்.

ஆள் வேலை தினமும் 2 மணி நேரம் மிச்சம், மணிக்கு 75 ரூபாய் என்று வைத்தால் 150 ரூபாய் வந்துடும். மீதி 550 ரூபாய் பாலில் இருந்துதான் வரணும். கூடுதல் தீவனச் செலவு போக லிட்டருக்கு 20 ரூபாய் நின்றால், தினமும் 27 லிட்டருக்கு மேல் கூடுதலாகக் கறக்கணும்.

- உங்களிடம் 10 மாடு இருந்தால்: ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 2.75 லிட்டர் கூடுதலாகத் தரணும். தீவனம் போடும் முறையை மட்டும் மாற்றி இதை எதிர்பார்த்துக் கடன் வாங்குவது ரொம்ப ரிஸ்க்.
- 100 மாடு இருந்தால்: ஒரு மாட்டுக்குச் சுமார் கால் லிட்டர் போதும். அங்கே ஆள் மிச்சமும் அதிகம். ஆனால் அந்த அளவுக்கு மெஷினும் பெரிசா வேணும், விலையும் கூடும். அந்த விலையை வைத்து மறுபடி கணக்குப் போடுங்க.

கரண்ட் பில், சர்வீஸ், உதிரி பாகம் எதையும் இதில் சேர்க்கவே இல்லை. உங்க எண்களைப் போட்டு நீங்களே ஒரு தடவை செஞ்சு பாருங்க.

10 மாடு வைத்திருப்பவர் என்ன செய்யலாம்?

கட்டிப்போட்டு வளர்க்கிறீங்கன்னா முட்டித் தள்ளும் பிரச்சினை உங்களுக்குப் பெரிசா இல்லை. எந்த மாடு எவ்வளவு தின்னுதுன்னு உங்க கண்ணே பார்த்துக்கும். அடர்தீவன நிலையம் செய்யும் வேலையை நீங்க ஏற்கெனவே செய்றீங்க! நம்ம ஊரில் நடக்கும் தப்பு வேற: கறவை நேரத்தில் ரெண்டு தடவை மொத்தமாகக் கொட்டுவது, ராத்திரி தொட்டி காலியாகக் கிடப்பது.

- அடர்தீவனத்தைப் பிரிச்சுப் போடுங்க. உடம்புக்கு 1.5 கிலோ, ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ என்பது பொதுக் கணக்கு. 10 லிட்டர் மாட்டுக்கு 5.5 கிலோ. ரெண்டு வேளைன்னா வேளைக்கு 2.75 கிலோ. நாலாகப் பிரித்தால் 1.4 கிலோவுக்கும் கீழே.
- புல்லையும் தட்டையையும் சாப் கட்டரில் நறுக்கிக் கலந்து போடுங்க. பொறுக்கித் தின்பது குறையும், வீணாவதும் குறையும்.
- படுக்கப் போகும் முன் தொட்டியை ஒரு தடவை பாருங்க. சிதறியதைத் தள்ளிவிட்டு, கொஞ்சம் புதுத் தீவனம் போடுங்க.
- மிதவை வால்வு வைத்த தண்ணீர்த் தொட்டி அமைங்க. பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தான். முதலில் செய்ய வேண்டிய 'ஆட்டோமேஷன்' இதுதான்.

தீவனம் வாங்கப் பணம் தட்டுப்பாடுன்னா, கால்நடை வளர்ப்புக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. உங்க வங்கியில் கேளுங்க. தினசரிச் செலவுக்கு அது பொருந்தும். அதுக்காக அஞ்சு வருஷக் கடனில் மாட்டிக்காதீங்க.

இந்த நாலையும் மூணு மாசம் செஞ்சு, தினமும் பால் அளவையும் கொழுப்பையும் நோட்டில் எழுதுங்க. அதுக்கப்புறமும் ஆள் பற்றாக்குறைதான் உங்களைத் தடுக்குது, மாடும் பெருகியிருக்குன்னா, அப்போ கொட்டேஷன் வாங்குங்க. மெஷின் விற்பவர் சொல்லும் லிட்டர் கணக்கை, உங்க நோட்டில் இருக்கும் லிட்டரோட ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்க.

இந்தக் கணக்கை ஒவ்வொரு படியாக நம்ம சேனல் வீடியோவில் போட்டுக் காட்டியிருக்கேன். உங்க மாட்டு எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்துட்டு, என்ன வருதுன்னு சொல்லுங்க.