இரண்டு தோழிகள், ஒரு பாஸ் புக்

கோலார் தங்கவயல் சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. அதன் பிறகு ஊரில் வேலை குறைந்தது. பலர் விடியும் முன்பே ரயில் ஏறி பெங்களூருக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள்.

சாம்பியன் ரீஃபில் இரண்டு தோழிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் வீட்டிலேயே துணி தைக்கிறார். இளையவர் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார். இருவரும் சேர்ந்து தையல் கடை வைக்க வேண்டும் என்று ஆசை. மாதம் ஆளுக்கு 500 ரூபாய் சேர்க்க முடிவு செய்கிறார்கள். சீட்டுக் கட்டி ஏமாந்தவர்களை இருவரும் பார்த்திருக்கிறார்கள். அதனால் வங்கிக்குப் போகிறார்கள்.

“நீங்கள் இருவரும் என்ன உறவு?” என்று அங்கே கேட்கிறார்கள்.

“உறவு இல்லை சார். சிநேகிதிகள்.”

“கணவன் மனைவி என்றால் சரி. சிநேகிதிகள் என்றால்...” என்று இழுக்கிறார் அங்கே இருப்பவர்.

“வா அக்கா, போகலாம்” என்கிறார் இளையவர்.

போக வேண்டியதில்லை. கூட்டுக் கணக்குத் தொடங்க உறவுக்காரராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நண்பர்களும் தொடங்கலாம். மேலாளரைப் பார்த்து இதைக் கேட்கலாம்.

அடுத்த தொல்லை காகிதங்கள். ஒருவர் காகிதம் இருவருக்கும் போதாது. இருவரும் தனித்தனியாக ஆதார் அல்லது வாக்காளர் அட்டை தர வேண்டும். புகைப்படமும் தர வேண்டும். பான் கார்டு இல்லாதவர் அதற்கென்று உள்ள படிவத்தை நிரப்பித் தரலாம். ரேஷன் கார்டை மட்டும் காட்டினால் கணக்குத் தொடங்க முடியாது.

தங்கவயல் தமிழர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்ப் பெயரைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது எழுத்து மாறிவிடும். ஓர் அட்டையில் இன்ஷியல் முன்னால் இருக்கும். இன்னோர் அட்டையில் பின்னால் இருக்கும். வங்கிக்குப் போகும் முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இளையவருக்கு அதே வங்கியில் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத ஜன தன் கணக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட கணக்கு உள்ளவர் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைக்க முடியாது. வேறு வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம். அஞ்சலகத்திலும் தொடங்கலாம். அஞ்சலகத்தில் 500 ரூபாய் இருந்தால் போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். பணத்தை யார் எடுக்கலாம்? பலர் இதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்’ என்று எழுதினால், யார் வேண்டுமானாலும் தனியாக எடுக்கலாம். இது வசதிதான். ஆனால் ஒருவரே மொத்தப் பணத்தையும் எடுத்துவிடலாம். வங்கி மற்றவரைக் கேட்காது. பிறகு வங்கியிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை. சந்தேகம் வந்தால் உடனே வங்கிக்கு எழுதிக் கொடுத்துப் பணம் எடுப்பதை நிறுத்தச் சொல்லலாம்.

‘இருவரும் சேர்ந்து’ என்று எழுதினால், இரண்டு கையெழுத்தும் வேண்டும். பணத்துக்குப் பாதுகாப்பு. ஆனால் இளையவர் ஊர் திரும்பும்போது வங்கி மூடியிருக்கும். ஞாயிறும் விடுமுறை. மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் விடுமுறை.

ஒருவர் இறந்துவிட்டால்? இதைப் பேசத் தோழிகள் கூச்சப்படுவார்கள். ஆனாலும் பேசத்தான் வேண்டும். ‘இருவரும் சேர்ந்து’ என்று மட்டும் எழுதியிருந்தால், உயிரோடு இருப்பவர் தனியாகப் பணம் எடுக்க முடியாது. இறந்தவரின் வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். ‘உயிரோடு இருப்பவர்’ என்ற சொல்லும் இருந்தால் வங்கி அவரிடம் பணத்தைக் கொடுத்துவிடும். ஆனால் பணம் முழுவதும் அவருடையதாகிவிடாது. இறந்தவரின் பிள்ளைகள் அவர் பங்கைக் கேட்கலாம். யார் எவ்வளவு போட்டார் என்று ஒரு நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு வைப்பது இதற்காகத்தான். கூட்டுக் கணக்கிலும் வாரிசுதாரர் பெயர் கொடுக்கலாம். ஆனால் இருவரும் இறந்த பிறகே பணம் அவர் கைக்குப் போகும்.

வங்கி காரணம் இல்லாமல் மறுத்தால் மேலாளரிடம் புகார் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

தோழிகள் அஞ்சலகத்துக்குப் போனார்கள். அங்கே கூட்டுக் கணக்கில் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு வகை. ‘ஏ’ வகையில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ‘பி’ வகையில் ஒருவர் போதும். இவர்கள் ‘ஏ’ வகையைக் கேட்டு வாங்கினார்கள். பணம் கட்ட இருவரும் வர வேண்டியதில்லை. மூத்தவரே மாதாமாதம் கட்டிவிடுவார். எடுக்க வேண்டியது கடைக்கு முன்பணம் கொடுக்கும் நாளில்தான். அன்று ஒரு நாள் இளையவர் ரயில் ஏறமாட்டார்.